வேலிக்குள் விழுந்தால் இரண்டு பேஸ்

கொடைக்கானலில் எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த பேரிக்காய்த் தோட்டத்துக்கும் பக்கத்து பங்களாவுக்கும் நடுவில் ஒரு ஹைட்ரேஞ்சியா வேலி இருந்தது. மழைக்காலம் முழுக்க நீலமும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும். பேஸ்பால் எனக்கு அறிமுகமானது அந்த வேலியோரத்தில்தான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை நடத்தும் குடும்பத்தின் மூத்த மருமகள் நான். அறுபது வயதைத் தாண்டியும் அதிகாலையில் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து அமெரிக்காவின் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு யாராவது சிரித்தால், அவர்களுக்கு அந்த வேலியைப் பற்றித்தான் சொல்வேன்.

பங்களாவில் ஓர் அமெரிக்கக் குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவர் கீழே சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர். மாதம் ஒருமுறை மலையேறி வருவார். அவர் மனைவியும் ஒரே மகளும் மேலேயே இருந்தார்கள். மகளுக்கு என் வயது. அவள் பிறந்ததே மதுரைப் பக்கம். ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவள். அதனால் இங்கிலீஷுக்கு முன்னால் அவள் வாயில் தமிழ் ஏறிவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக் கூடையில் போடுவது என் வேலை. நாட்டுப் பேரிக்காய் கல்லுப் போல இருக்கும். கிளையில் உட்கார்ந்து காயைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த ஒரு குரங்கைப் பார்த்து ஒன்றை வீசினேன். குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. காய் வேலியைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, இன்னொரு வாட்டி எறி!"

வேலிக்கு மேலே செம்பட்டை முடியுடன் ஒரு தலை தெரிந்தது.

"எதுக்கு?"

"எறி, சொல்றேன். என் நெஞ்சைப் பாத்து எறி."

எறிந்தேன். அவள் இடது கையை நீட்டினாள். கை வீங்கிப்போனது மாதிரி பெரிதாக ஒரு தோல் உறை மாட்டியிருந்தாள். காய் அதற்குள் போய் அடங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக வந்த ஒன்று இப்படிச் சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. இன்னொன்று எறிந்தேன். பிறகு இன்னொன்று. அன்றைக்குக் கூடையில் காய் குறைவாக இருந்ததற்கு அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்ட மாலைகள் எல்லாம் எங்களுக்கு ஆட்டம்தான். தைலமரக் கொம்பைச் சீவி மட்டையாக்கிக்கொண்டோம்; பேரிக்காய்தான் பந்து. அடித்துவிட்டு ஓடிப்போய்த் தொட வேண்டிய இடத்துக்கு பேஸ் என்று பெயர். ஒரு பேரிக்காய் மரம் முதல் பேஸ். தண்ணீர்த் தொட்டி இரண்டாவது. பாசி பிடித்த ஒரு பாறை மூன்றாவது. தோட்டமே சரிவு என்பதால் முதல் பேஸுக்கு இறக்கத்தில் ஓட வேண்டும்; மூன்றாவதிலிருந்து திரும்பி வர மூச்சு வாங்க ஏற வேண்டும். உலகம் முழுக்க பேஸ்பால் மைதானம் இப்படித்தான் சரிந்திருக்கும் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு ஆள் போதாது. ஆகவே அடித்துவிட்டு ஓடியவள் மறுபடி மட்டை பிடிக்க வரும்போது, அவள் நின்ற பேஸில் ஒரு பேய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். "தண்ணித் தொட்டிகிட்ட ஒரு பேய் நிக்குது, பாறைகிட்ட ஒண்ணு நிக்குது" என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் அம்மா விறகோடு வந்து கேட்டுவிட்டாள்.

"பொழுது சாயிற நேரத்துல என்ன பேச்சு பேசுறீக? வெரசா வீட்டுக்கு வா!"

அன்று இரவு எனக்கு விபூதி பூசிவிட்டாள்.

அடித்த பந்து ஹைட்ரேஞ்சியாவுக்குள் போய் மறைந்தால் இரண்டு பேஸ் என்பது எங்கள் விதி. அது நாங்களாக வைத்துக்கொண்டது இல்லை. சிகாகோவில் ஒரு மைதானம் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் துரத்தி வந்தவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். அடித்தவருக்கு இரண்டு பேஸ்; இரண்டாவது வரை போய் நின்றுகொள்ளலாம். இதை அவள் எனக்குச் சொன்னபோது, பூமியின் அந்தப் பக்கத்திலும் ஒரு வேலி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த மைதானத்து அணிதான் அவளுடைய அணி. அவள் அம்மாவின் அப்பா வீடு அதற்குப் பக்கத்துத் தெருவாம். அன்றிலிருந்து அது என் அணியும் ஆனது. எதற்கு இந்த அணி, வேறு அணியே இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தத் தாத்தா தன் பேத்திக்காக வானொலி வர்ணனையைச் சின்னச் சின்ன நாடாச் சுருள்களில் பதிந்து கப்பல் தபாலில் அனுப்புவார். வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். சித்திரையில் அங்கே நடந்த ஆட்டத்தை நாங்கள் ஆவணியில், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அடைத்துக்கொண்டிருக்கும் மதியத்தில் கேட்போம். எனக்கு இங்கிலீஷ் பாதிகூடப் புரியாது. மட்டையில் பந்து படும் சத்தம் புரிந்தது. கூட்டம் மூச்சை இழுத்துப் பிடிப்பது புரிந்தது. நடுவே யாரோ கடலை விற்றுக்கொண்டு போவது நன்றாகவே புரிந்தது. எங்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற அதே இழுப்பு. சுருள் சின்னது என்பதால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். மீதியை நாங்கள் இருவரும் சேர்ந்து இட்டுக்கட்டி ஆடி முடிப்போம். எங்கள் கற்பனையில் சிகாகோ ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

ஓர் ஆண்டு, இட்டுக்கட்டத் தேவையே இல்லாமல் அவர்கள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சுருளிலும் வெற்றி. வர்ணனையாளரின் குரலே சிரிக்கும். அவளுடைய அப்பாவுக்கு முடிவு தெரியும். ஆனால் எங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தோம். பாவம், அந்த மனிதர் வரும்போதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். அதிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தை மாதம் ஒரு சுருள் வந்தது. நியூயார்க்கில் நடந்த ஆட்டம். நடுவே கூட்டம் காரணமில்லாமல் ஆரவாரம் செய்தது. ஒரு கறுப்புப் பூனை எங்கிருந்தோ மைதானத்துக்குள் புகுந்து, சிகாகோ ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் நடந்து போகிறதாம். அவள் கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். அன்றைக்கு பங்களாவுக்குப் பால் கொண்டுவந்திருந்த என் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூனை குறுக்க போச்சா? அப்பறம் எப்படித்தா ஜெயிப்பாக? வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுல்ல போயிருக்கணும்."

நாங்கள் சிரித்தோம். அடுத்தடுத்த சுருள்களில் அவர்கள் தோற்றுக்கொண்டே போனார்கள். அந்த ஆண்டு கோப்பை நியூயார்க்குக்குப் போனது. கடைசிச் சுருளில் ஆட்டமே இல்லை. தாத்தா மட்டும் பேசியிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "'அடுத்த வருஷம் பாத்துக்கலாம், கண்ணு'ன்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் பார்த்தேயிராத ஊருக்காக, முகம் தெரியாத ஆட்களுக்காக, எப்போதோ முடிந்துபோன தோல்விக்காக அழுதேன். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, போனது. பிறகு நின்றுபோனது. யார் மேலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம், பரீட்சை, புதுத் தோழிகள் என்று வாழ்க்கை நிறைந்துவிட்டது. வேலி மட்டும் பூத்தது. நான் தனியாகப் பேரிக்காயைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். அதில் ருசியில்லை.

எங்கள் காய் ஒட்டன்சத்திரத்துக்குப் போகும் வழியிலேயே என் கல்யாணப் பேச்சும் போனது. அப்பா சரக்கு அனுப்பிய கமிஷன் கடைக்காரரின் மூத்த மகன்தான் என் வீட்டுக்காரர். கடையும் வீடும் பெரிசு. விடியும் முன்பே ஏலம் போடும் சத்தம் வீடுவரை கேட்கும். வீட்டில் எல்லோருக்கும் கிரிக்கெட் பைத்தியம். நான் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி அந்த வர்ணனையைக் கேட்பேன். ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நானும் சின்னப் புள்ளையில இதே மாதிரி கேட்டிருக்கேங்க."

"எது, கிரிக்கெட்டா?" என்றார் அவர்.

"இல்லங்க. பேஸ்பால்."

அவர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். கல்யாணமான புதிதில் அவர் எனக்காகச் செய்த பெரிய காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். தரையில் நான்கு பூண்டு வைத்து விளக்கினேன்.

"ஓவர் எத்தனை?"

"ஓவரே கெடையாதுங்க."

"அப்ப எப்ப முடியும்?"

"முடியிறப்ப முடியும்."

"அது எப்படி? நேரம், பந்து, ஒண்ணும் வரையறை இல்லாம ஒரு ஆட்டமா? கடை கண்ணி வச்சிருக்கவன் பாக்க முடியாது போலிருக்கே!"

ஆனால் அவர் அதை மறக்கவில்லை. கொஞ்ச நாளில் சிற்றலை எடுக்கும் ரேடியோ ஒன்று வாங்கி வந்தார். வெள்ளனே எழுந்து கடைக்குக் கிளம்பும்போது அமெரிக்கச் செய்தியில் கடைசி ஓரிரு நிமிடம் விளையாட்டு வரும். கரகரப்புக்கு நடுவே "சிகாகோ" என்ற சொல் காதில் விழுந்தால் சமையலறைப் பக்கம் திரும்பி, "உன் ஆளுக தோத்துட்டாங்க" என்பார். பெரும்பாலும் அதுதான் செய்தி.

கேபிள் டிவி வந்த பிறகுதான் நான் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்தேன். ஏதோ ஒரு சேனலில் பழைய ஆட்டம் போட்டார்கள். முதலில் என்னைத் தாக்கியது, மைதானம் சமதளமாக இருந்ததுதான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வருகிறவர் மூச்சு வாங்காமல் வந்து சேர்கிறார். ஏமாற்றமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். பிறகு கொடி படர்ந்த சுவரைக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையில் நான் நினைத்து வைத்திருந்த சுவர் அத்தனை பச்சையாக இருந்தது. பால் பொங்கி வழிந்த அடுப்பை என் மாமியார் வந்து அணைத்தார்.

மகன் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு நான் பேஸ்பாலின் பழைய கதைகளைப் படிக்கத் தொடங்கினேன். முதலில் ஆட்டின் கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஆண்டில் சிகாகோ இறுதித் தொடர் ஆடியபோது, மதுக்கடைக்காரர் ஒருவர் தன் ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறார். நாற்றமடிக்கிறது என்று ஆட்டை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி இந்த அணி ஜெயிக்காது என்று அவர் சாபம் விட்டாராம். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"டிக்கெட் வாங்குனவனத் தொரத்துனா சாபம் விடாம என்ன செய்வான்? அந்த ஆட்டுக்கு ஏதாச்சும் பரிகாரம் பண்ணாங்களா?"

பண்ணினார்கள் என்று சொன்னேன். பிற்பாடு ஆட்டை அழைத்து மைதானத்தைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். "மனசார செஞ்சிருக்க மாட்டாங்க" என்றார்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிக்க வைக்கவில்லை. பெரிய அணிகளில் கறுப்பர்கள் ஆடக் கூடாது என்று எத்தனையோ காலம் வைத்திருந்ததைப் படித்தேன். அவர்கள் தங்களுக்கென்று தனி அணிகள் வைத்து, ஊர் ஊராக பஸ்ஸில் போய், தங்க இடம் கிடைக்காமல் அந்த பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். பிறகு ஒருவர் முதலாவதாக உள்ளே வந்தார். காறித் துப்பினாலும் திருப்பி அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்தார். என் தோழியின் தாத்தா இளைஞராக இருந்த காலம் அது. சுருள்களில் அவர் பொற்காலம் என்று பேசிய காலத்துக்கு வெளியே இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். தோழி இதையெல்லாம் எனக்குச் சொன்னதே இல்லை. அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் ஏன் பங்களாவுக்குப் பின்னால் இருந்த நல்ல புல்தரையில் ஆடாமல் எப்போதும் எங்கள் சரிவிலேயே ஆடினோம் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்தப் புல்தரை ஒரு கிளப்புக்குச் சொந்தம். நான் அதில் கால் வைத்ததில்லை. அவள் வைத்திருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். அந்த வயதில் அவளுக்குக் காரணம் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

யுத்த காலத்தில் பெண்களுக்கென்று ஒரு பேஸ்பால் அமைப்பு இருந்ததையும் அப்போதுதான் அறிந்தேன். குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு ஆடச் சொன்னார்களாம். படத்தில் ஒரு பெண் மண்ணில் சறுக்கி பேஸைத் தொடுகிறாள்; தொடையெல்லாம் சிராய்ப்பு. பாறை பேஸில் என் பாவாடை கிழிந்து, முழங்காலில் பாசியும் ரத்தமுமாக வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஆண்டு வந்தது. சிகாகோ இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. நூறு ஆண்டுக்கும் மேலாகக் கோப்பையைத் தொடாத அணி. தொடரில் இரண்டு பக்கமும் சமமாகி, கடைசி ஆட்டம். நமக்கு அது விடிகாலையில் தொடங்கியது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு போன் மேல் போன்.

"அண்ணே, முருங்கைக்காய் லோடு வந்து கெடக்கு. எப்ப வர்றீக?" அவருடைய தம்பி.

"வீட்ல முக்கியமான சோலி கெடக்கு. நீ பாத்துக்க."

முதலில் சிகாகோ நன்றாக முன்னால் போனது. எனக்கு பயமாக இருந்தது. ஜெயிக்கிற மாதிரி இருக்கும்போதுதான் இந்த அணியை நம்பக் கூடாது. பயந்த மாதிரியே, முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்காரர் ஒருவர் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய் ஆட்டம் சமமானது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பாத்திரங்களைத் திரும்பக் கழுவினேன்.

"இங்க வா, மழை பெய்யுது!" என்று கூப்பிட்டார்.

ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்துக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் பழனிக்கு வேண்டிக்கிட்டேன்."

"எதுக்குங்க?"

"இதுக்குத்தான்."

"விளையாட்டுக்கெல்லாமா வேண்டுவாக?"

"உனக்கு வெளாட்டா அது? எனக்குத் தெரியாதா?"

மழை சீக்கிரமே விட்டது. சிகாகோ இரண்டு ஓட்டம் எடுத்தது. எதிரணி ஒன்றைத் திருப்பி எடுத்தது. கடைசியில் ஒரு பந்து மூன்றாவது பேஸ் பக்கம் மெதுவாக உருண்டு வந்தது. ஓடி வந்து எடுத்த பையனுக்கு ஈரப் புல்லில் கால் வழுக்கியது. வழுக்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வீசினான். முதல் பேஸில் நின்றவர் பிடித்துவிட்டார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

நான் கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில், செம்பட்டை முடி நரைத்துப்போன ஒருத்தி இதே நிமிடம் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உயிரோடு இருக்க வேண்டுமே என்றும் நினைத்தேன். இன்டர்நெட்டில் தேடினால் கிடைப்பாள் என்று மகன் பலமுறை சொல்லியிருக்கிறான். நான் தேடவில்லை. தேடி, இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

அந்த வாரமே பழனிக்குப் போனோம். படியேறுவதற்கு முன் அவர் மொட்டை போட உட்கார்ந்தார். கத்தியைத் தண்ணீரில் நனைத்தபடி நாவிதர் கேட்டார்:

"என்ன வேண்டுதலுங்கய்யா? புள்ளைக்குக் கல்யாணமா?"

"இல்லப்பா. ஒரு காரியம் ரொம்ப வருஷமா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. இப்பத்தான் முடிஞ்சுது."

"கோர்ட்டு கேஸா?"

அவர் என்னைப் பார்த்தார். "அப்படித்தான் வச்சுக்கயேன். எதிர்த்தரப்புல ஒரு ஆடு."

நாவிதர் அனுதாபத்தோடு தலையாட்டினார். வெள்ளாமையில் ஆடு மேய்ந்த வழக்கு என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவர் முன்னால் படியேறினார். நான் பின்னால் போனேன். வரிசையில் நிற்கும்போது மனசு ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. இத்தனை காலம் காத்திருந்து பழகிவிட்டது. இனி எதற்காகக் காத்திருப்பது? இறங்கி வந்து பஞ்சாமிர்தம் வாங்கும்போது அவரிடம் அதைச் சொன்னேன்.

"அடுத்த வருஷமும் ஆடுவாங்கல்ல?" என்றார்.

"ஆடுவாங்க."

"ஜெயிப்பாங்களா?"

"தெரியலங்க."

"அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

அடுத்த ஆண்டு அவர்கள் ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக வேறு ஊர் அணிகளுக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தலைமுடி முன்னைவிடக் குறைவாகத்தான் வளர்ந்தது. கடையை மகனிடம் விட்டுவிட்டதால் இப்போது அவருக்கு அவசரம் இல்லை. நான் எழுவதற்கு முன்பே எழுந்து டீ போட்டு வைத்துவிட்டு, ஆட்டம் தொடங்கியாயிற்று என்று என் தோளைத் தட்டுகிறார்.